ஆறு வீடு, ஒரு நல்ல ஃபேஸ்

நீங்களாகக் கண்டுபிடித்து எனக்குச் சொல்வதற்குள் நானே சொல்லிவிடுவது கௌரவம்: நான் ஒரு முட்டாள். சாதாரண முட்டாள் இல்லை, படித்த முட்டாள். மின்கம்பியில் வோல்டேஜ் ஏறாமலும் இறங்காமலும் நிலையாக நிற்க என்ன செய்ய வேண்டும் என்று முனைவர் பட்டத்துக்கு ஆய்வேடு எழுதிக்கொண்டிருந்தேன். அதே வருஷத்தில்தான், மயிலாப்பூரில் நான் குடியிருந்த கட்டடத்தில் ஆறு வீட்டு வோல்டேஜையும் ஊஞ்சலாட வைத்தேன். இரண்டையும் ஒரே மூளை செய்தது என்பதை இன்றுவரை என் மனைவி நம்புகிறாள். எனக்குத்தான் சந்தேகம்.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி அது. தெற்கே கணவாய்ப் பக்கம் காற்றாலைகள் முளைத்துக்கொண்டிருந்தன. அதுவரை எங்களுக்குச் சொல்லித்தந்த பாடம் இவ்வளவுதான்: மின்சாரம் எங்கோ ஒரு பெரிய நிலையத்தில் பிறக்கும், கம்பி வழியாக இறங்கி வரும், கடைசி வீட்டுக்கு வந்து சேரும்போது களைத்துப்போயிருக்கும். ஆனால் அந்தக் கடைசி வீட்டுக்காரனே ஒரு காற்றாலையை நட்டுக்கொண்டு, மின்சாரத்தைக் கம்பியில் எதிர்ப்பக்கமாகத் தள்ள ஆரம்பித்தால்? காற்று அடிக்கும்போது அந்த முனையில் வோல்டேஜ் எகிறும், நின்றால் விழும். பக்கத்து வீட்டு பல்பு ஒரு நாள் பொரிந்துபோகும், மறுநாள் மின்மினிப் பூச்சியாக எரியும். இதைச் சமாளிப்பது எப்படி என்பதுதான் என் ஆராய்ச்சி.

அதற்காகப் பாலவாக்கத்தில், என் பேராசிரியருடைய நண்பரின் கடலோர வீட்டில், ஒரு சின்னக் காற்றாலை வைத்துத் தெருக்கம்பியோடு இணைத்திருந்தோம். கம்பியின் இரண்டு முனைகளிலும் நான் செய்த இரண்டு பெட்டிகள். வோல்டேஜ் குறைந்தால் பெட்டி அதைத் தூக்கிவிடும், கூடினால் இறக்கிவிடும். தனித்தனியாகப் பார்த்தால் இரண்டும் சமர்த்துப் பிள்ளைகள். சேர்த்து வைத்தால் பிடித்தது சனியன். வோல்டேஜ் இறங்கியதும் இரண்டும் ஒரே நொடியில் தூக்கும், அது அளவுக்கு மீறி ஏறும். உடனே இரண்டும் ஒரே நொடியில் இறக்கும், அது அளவுக்கு மீறி விழும். மறுபடி தூக்கும். நாளெல்லாம் இதே வேலை.

அந்த வீட்டுக் காவல்காரர் ஒரு நாள் என்னைக் கேட்டிலேயே நிறுத்தினார்.

“சார், உன் பொட்டிங்க ரெண்டும் டக்கு டக்குனு அட்ச்சிக்கினே கீது. மத்தியானம் கண்ண மூட முடில. இன்னா சார் அதுங்களுக்குள்ள தகராறு?”

“ரெண்டும் நல்லதுதான் பண்ணுதுப்பா. ஒரே சமயத்துல பண்ணுது.”

“அப்பிடியா. எங்கூட்லயும் என் சம்சாரமும் அவ ஆத்தாளும் அப்பிடித்தான் சார்.”

அந்தத் தகராறைத் தீர்த்து வைத்ததுதான் என் ஆய்வேட்டின் நான்காம் அத்தியாயம், அதாவது உயிர்நாடி. இரண்டு பெட்டிக்கும் ஒரே பொறுமை இருக்கக் கூடாது. ஒன்று உடனே செயல்படட்டும், மற்றது சற்றுக் காத்திருந்து பார்க்கட்டும். முதல் பெட்டி செய்ததே போதுமென்றால், இரண்டாவது சும்மா இருந்துவிடட்டும். விஷயம் இவ்வளவுதான். இதைப் பக்கம் பக்கமாகச் சமன்பாடுகளாக எழுதினால் முனைவர் பட்டம் தருவார்கள்.

தருவதற்கு ஒரு நிபந்தனை. வெள்ளிக்கிழமை ஆபீஸ் மூடுவதற்குள் ஆய்வேடு கல்லூரியில் போய்ச் சேர வேண்டும். ஏற்கெனவே கெஞ்சி வாங்கிய நீட்டிப்பு அது. தவறினால் என் பதிவு ரத்து. மறுபடி முதலிலிருந்து. பேராசிரியர் இதைச் சொல்லும்போது என் முகத்தைப் பார்க்காமல் ஜன்னலைப் பார்த்தார். அவர் அப்படிப் பார்த்தால் விஷயம் நிஜம்.

எழுதுவது நான், டைப் அடிப்பது என் மனைவி. வீட்டு ஹாலில் ஒரு கம்ப்யூட்டரை வைத்துக்கொண்டு கல்யாணப் பத்திரிகை, சபா நோட்டீஸ், வளைகாப்பு அழைப்பிதழ் என்று டி.டி.பி. வேலை செய்து வந்தாள். முகூர்த்த சீசனில் பத்திரிகை வேலைகளையெல்லாம் தள்ளிவைத்துவிட்டு என் கோழிக்கிறுக்கலை எடுத்துக்கொண்டாள். “இதுல பொண்ணு யாரு, மாப்பிள்ளை யாருன்னே தெரியலை” என்று மட்டும் முதல் நாள் சொன்னாள். அதற்குப் பிறகு புகார் இல்லை.

புகார் சொல்ல வேண்டியது மின்சாரத்தைப் பற்றித்தான். கத்திரி வெயில். சாயங்காலம் விளக்கு வைக்கும் நேரத்துக்கு ஊரெல்லாம் ஏ.சி., ஃபிரிட்ஜ், மோட்டார். எங்கள் தெருமுனை டிரான்ஸ்ஃபார்மருக்கு மூச்சு வாங்கும். டியூப் லைட் கண்ணடிக்கும். ஃபேன் இறக்கை ஒவ்வொன்றையும் எண்ணலாம். கம்ப்யூட்டருக்கு ஒரு ஸ்டெபிலைசர் உண்டு, ஆனால் வோல்டேஜ் ரொம்பக் கீழே போனால் அது கைவிரித்துவிடும். மின்சாரம் தடைபட்டால் தாங்கிக்கொள்ள ஒரு யு.பி.எஸ்.ஸும் இருந்தது. அது அந்த வருஷக் கோடையைத் தாங்கித் தாங்கியே பாட்டரி செத்து, இப்போது கூச்சல் போட மட்டும் பயன்பட்டது.

இங்கேதான் என் கைங்கரியம். கட்டடத்துக்கு வருவது மூன்று ஃபேஸ், அதாவது தனித்தனியாக மின்சாரம் கொண்டுவரும் மூன்று கம்பி. மூன்றிலும் வோல்டேஜ் ஒரே மாதிரி இருக்காது. ஒன்று செத்துக் கிடக்கும்போது இன்னொன்று தெம்பாக இருக்கும். ஆகவே போன வருஷம் குடியிருப்போர் கூட்டத்தில் எழுந்து, தொண்டையைச் செருமி, “வீட்டுக்கு ஒரு ஃபேஸ் சேஞ்சர் மாட்டிட்டா போறும். எந்த ஃபேஸ் நன்னா இருக்கோ, அதுக்குத் திருப்பிக்கலாம்” என்றேன். ஆராய்ச்சிக்காரன் சொல்கிறானே என்று செக்ரட்டரி மாமா ஆறு வாங்கிவந்து மாட்டச் செய்தார். வங்கியில் அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர், எங்கள் மேல் வீடு. வாசல் கதவோரம் ஒரு சின்னப் பெட்டி, நடுவில் திருகுவதற்கு ஒரு குமிழ். சிவப்பு, மஞ்சள், நீலம். என்னை ஒரு வாரம் எல்லோரும் ‘டாக்டர்’ என்று கூப்பிட்டார்கள். பட்டம் வருவதற்கு முன்பே நான் அனுபவித்த ஒரே மரியாதை அது.

சரி, புதன்கிழமைக்கு வருகிறேன்.

சாயங்காலம். மனைவி நான்காம் அத்தியாயத்தை அடித்துக்கொண்டிருந்தாள். நான் அவளுக்குப் பின்னால் ஹாலுக்கும் வாசலுக்குமாக நடந்துகொண்டிருந்தேன். ஆய்வகத்திலிருந்து ஒரு வோல்ட்மீட்டரைக் கொண்டுவந்து சுவிட்சுப் பெட்டிக்குப் பக்கத்தில் தொங்கவிட்டிருந்தேன். நாலடி நடந்தால் ஒரு தடவை முள்ளைப் பார்ப்பேன். முள் நடுங்கினால் நாலடி இரண்டடியாகும்.

முள் விழுந்தது. கீழ் வீட்டில் கிரைண்டர் உர்ரென்று நின்றது. அந்த மாமி வாரத்துக்கு வேண்டிய இட்லி மாவை ஒரே நாளில் அரைப்பவர். அடுத்த கணம் படிக்கட்டு நெடுக டக், டக், டக். சிவப்பில் இருந்தவர்கள் எல்லோரும் மஞ்சளுக்குத் தாவினார்கள். மஞ்சள் மடிந்தது. மறுபடி டக், டக். எல்லோரும் நீலத்துக்கு. நீலம் மண்டியிட்டது. சிவப்பு இப்போது காலியாக, கல்யாணம் முடிந்த மண்டபம் மாதிரி பளிச்சென்று இருந்தது. எல்லோரும் திரும்ப அங்கே ஓடினார்கள்.

கம்ப்யூட்டர் கறுத்தது.

“போச்சு” என்றாள் மனைவி.

“என்ன போச்சு?”

“உங்க நாலாவது அத்தியாயம்.”

“சேவ் பண்ணலையா?”

“பண்ணிண்டிருக்கும்போதுதான் போச்சு.”

ஃபிளாப்பியில் பழைய பிரதி இருந்தது, அதில் பாதி அத்தியாயம்தான். அவள் மறுபடி உட்கார்ந்தாள். மறுபடி டக், டக். மறுபடி கறுப்பு. மூன்றாம் தடவை அவள் கீபோர்டிலிருந்து கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு திரையையே பார்த்தாள். “இந்த அத்தியாயம் எதைப் பத்தின்னா?” என்றாள்.

“நிறையப் பேர் ஒரே சமயத்துல வோல்டேஜைச் சரி பண்ணப் போனா, அது இன்னும் கெட்டுப்போறதைப் பத்தி.”

சொல்லி முடித்த பிறகுதான் என் காதில் விழுந்தது நான் சொன்னது. வாசலில் டக், டக். பாலவாக்கத்துப் பெட்டி இரண்டுதான். இங்கே ஆறு. ஆறையும் மாட்டச் சொன்ன மகானுபாவர் ஹாலில் நின்றுகொண்டு முள்ளைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்.

அன்றைக்கே எல்லோரையும் மொட்டைமாடிக்குக் கூப்பிட்டேன். ஒரு விசிறியோடு செக்ரட்டரி மாமா, மாவுக் கையோடு கிரைண்டர் மாமி, மற்ற வீட்டுக்காரர்கள். காற்று இல்லை. நான் விளக்கினேன்.

“நல்ல ஃபேஸ்னு ஒண்ணு தனியாக் கிடையாது. நாம யாரும் இல்லாத ஃபேஸ்தான் நல்ல ஃபேஸ். எல்லாரும் ஒண்ணாப் போனா அது கெட்டுடும்.”

“ஆளுக்கு ஒண்ணு மாட்டிக்கோங்கோன்னு சொன்னது யாரு?” என்றார் செக்ரட்டரி மாமா.

“நான்தான் மாமா.”

“இப்போ தொடப்படாதுங்கறேள்.”

“தொடலாம். வரிசையாத் தொடணும்.”

“ரேஷன் கடையா இது?”

“அப்படித்தான் வெச்சுக்கோங்கோ. வோல்டேஜ் இறங்கினா முதல்ல ஒரு ஆத்துக்காராதான் மாத்தணும். மத்தவா காத்திருக்கணும். அதுலயே சரியாயிடுத்துன்னா அடுத்தவா மாத்தவே வேண்டாம். ஆகலைன்னா அடுத்த ஆத்துக்காரா.”

எவ்வளவு நேரம் காத்திருப்பது என்பதில் தகராறு வந்தது. கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு யாரும் நிற்க மாட்டேன் என்றார்கள். கடைசியில் அவரவர் வீட்டு வழக்கப்படியே அளவு வைத்தோம். கிரைண்டர் மாமி காத்திருக்க வேண்டாம், கல் நின்றால் மாவு புளித்துவிடும் என்று அடித்துப் பேசி முதலிடம் வாங்கிவிட்டார். எதிர்வீடு ஒரு டம்ளர் காபி ஆற்றும் நேரம் பொறுக்க வேண்டும். அதற்கு அடுத்த வீடு டி.வி.யில் தலைப்புச் செய்திகள் முடியும்வரை. இன்னொரு வீட்டில் குழந்தைக்கு ஒரு கிண்ணம் சாதம் ஊட்டி முடிக்கும்வரை. செக்ரட்டரி மாமா சந்தியாவந்தனம் முடியும்வரை.

“அவர் முடிக்கறதுக்குள்ள கரண்டே போயிடும்” என்றார் மாமி.

“உங்க மாவு பொங்கறதுக்குள்ள முடிச்சுடுவேன்” என்றார் அவர்.

“நீங்க?” என்று எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

“நான்தான் கடைசி” என்றேன், தியாகி மாதிரி. என் சமன்பாட்டின்படி யாராவது ஒருவர் ரொம்பப் பொறுமைசாலியாக இருந்தாக வேண்டும். அது நானாக இருப்பதில் ஒரு அழகு இருப்பதாக அந்த மாடியில் எனக்குத் தோன்றியது.

வியாழக்கிழமை சாயங்காலம். மறுநாள் காலை பைண்டிங், மாலைக்குள் ஒப்படைப்பு. மனைவி விட்டுப்போன பாதியை அடித்து முடித்துவிட்டு முடிவுரைக்கு வந்திருந்தாள். நான் வாசலில் முள்ளுக்கு முன்னால் நின்றேன். உட்கார்ந்தேன். எழுந்தேன். தண்ணீர் குடித்தேன். திரும்பி வந்து பார்த்தேன்.

முள் இறங்கியது. கீழே ஒரே ஒரு டக். மாமி. முள் எழுந்து பழைய இடத்துக்கு வந்தது. படிக்கட்டில் வேறு சத்தம் இல்லை. நேற்றுப் பாதியில் நின்ற கிரைண்டர் நிம்மதியாகச் சுற்றியது. எனக்குக் கண்ணில் நீர் வராத குறை. நான்காம் அத்தியாயம் மயிலாப்பூரில் உயிரோடு நடமாடிக்கொண்டிருந்தது.

கொஞ்ச நேரம் கழித்து மறுபடி இறங்கியது. மாமியின் டக். எதிர்வீட்டில் காபி ஆறிய பிறகு ஒரு டக். முள் ஏறியது, ஆனால் முழுக்க ஏறவில்லை. நான் மனதுக்குள் போட்டிருந்த கோட்டுக்கு ஒரு நூல் கீழே நின்றுவிட்டது. நியாயமாக நான் என்ன செய்ய வேண்டும்? ஒன்றும் செய்யக் கூடாது. கம்ப்யூட்டர் ஓடிக்கொண்டிருந்தது. ஸ்டெபிலைசர் சமாளித்துக்கொண்டிருந்தது. செய்தி வாசிப்பவர் இன்னும் தலைப்பே முடிக்கவில்லை. மேலே மாமா மந்திரம் முணுமுணுத்துக்கொண்டிருந்தார். நீலத்தில் நிச்சயம் யாரும் இல்லை. ஒரு நூல்தான். என் கை அரித்தது.

திருப்பிவிட்டேன்.

ஒரு விஷயம். ஃபேஸ் சேஞ்சரைத் திருப்பினால் ஒரு ஃபேஸை விட்டு இன்னொன்றைப் பிடிப்பதற்கு நடுவே ஒரு கண்ணிமைப்பு நேரம் எதுவுமே இருக்காது. நல்ல பாட்டரி உள்ள யு.பி.எஸ். அதைத் தாண்டிவிடும். எங்களுடையது கூச்சல் போட்டது. திரை கறுத்தது.

அதோடு முடியவில்லை. என் குமிழின் சத்தம் படிக்கட்டு முழுக்கக் கேட்டது. கடைசி ஆளே மாற்றிவிட்டான், ஆகவே நம் முறை தாண்டிப்போய்விட்டது என்று ஒவ்வொரு வீடும் பதறியது. டக், டக், டக், டக். மேலிருந்து செக்ரட்டரி மாமா ஒரு கையில் பஞ்சபாத்திரத்தோடு பாதிப் படி இறங்கிவந்து, பேசக் கூடாத நேரம் என்பதால் புருவத்தாலேயே என்னைத் திட்டிவிட்டுப் போனார்.

மனைவி வாசலுக்கு வந்தாள். என் கை இன்னும் குமிழின் மேல் இருந்தது.

“கம்ப்யூட்டர் ஓடிண்டுதானே இருந்தது?”

“ஓடிண்டுதான் இருந்தது.”

“அப்புறம் எதுக்குத் திருப்பினேள்?”

“ஒரு நூல் கம்மியா இருந்தது.”

அவள் உள்ளே போனாள். கம்ப்யூட்டர் உயிர் பெறும் சத்தம் கேட்டது. கொஞ்ச நேரம் எதையோ புரட்டினாள். பிறகு, கோபமே இல்லாத குரலில், அதுதான் எனக்கு உறைத்திருக்க வேண்டும், “பாலவாக்கத்து அட்டவணையில ஒரு ரீடிங் விட்டுப்போயிருக்குன்னா. காத்து அடிக்கும்போது காத்தாலைப் பக்கம் என்ன வோல்டேஜுன்னு. இப்பவே போய்ப் பார்த்துண்டு வந்துடறேளா? இல்லாட்டா அந்த இடம் காலியா நிக்கும்” என்றாள்.

நாளை ஒப்படைக்க வேண்டிய ஆய்வேட்டில் ஒரு ஓட்டை. நான் ஸ்கூட்டரை உதைத்த வேகத்துக்கு அது அடையாறு பாலம் தாண்டித்தான் மூச்சு விட்டது.

பாலவாக்கத்தில் காற்று இல்லை. மத்தியானமெல்லாம் அடித்திருந்த கடல்காற்று சரியாக நான் வந்ததும் ஓய்ந்துவிட்டது. காற்றாலை இறக்கையை விரித்துக்கொண்டு பிரார்த்தனை மாதிரி நின்றது.

“இன்னா சார் இந்த நேரத்துல?” என்றார் காவல்காரர்.

“காத்து எப்போப்பா வரும்?”

“அது இன்னா இருபத்தொண்ணாம் நம்பர் பஸ்ஸா சார்? வர்றப்போ வரும்.”

நான் காற்றாலைக்கும் கேட்டுக்குமாக நடந்தேன். மணலில் நடந்தால் நடப்பது போலவே இருக்காது, அதனால் இன்னும் வேகமாக நடந்தேன். வீட்டில் இந்நேரம் என்ன ஆகியிருக்குமோ. மாமி மறுபடி மாற்றியிருப்பாரா. முடிவுரை எத்தனை தடவை போயிருக்கும். முள்ளைப் பார்க்க அங்கே ஆளில்லையே.

“சார், நீ நடந்துக்கினே கீற, எனக்குத் தல சுத்துது. செத்த குந்து சார்.”

உட்கார்ந்தேன். எழுந்தேன். அவர் பெருமூச்சு விட்டு முதுகைத் திருப்பிக்கொண்டு பீடி பற்றவைத்தார். புகை நேராக மேலே போனது. அது எப்போது சாயும் என்று பார்த்தபடியே நின்றேன். கடைசியில் ஒரு வழியாகச் சாய்ந்தது. இறக்கை முனகிக்கொண்டு சுற்றியது. அளவைக் குறித்துக்கொண்டு பறந்தேன்.

கட்டடத்துக்குள் நுழையும்போதே காதைத் தீட்டிக்கொண்டு ஏறினேன். ஒரு டக்கும் இல்லை. கீழே மாமி வீட்டில் மாவுப் பாத்திரங்கள் மூடப்பட்டு வரிசையாக இருந்தன. எங்கள் ஹாலில் பிரிண்டர் கிறீச்சிட்டுக்கொண்டு கடைசிப் பக்கங்களைத் துப்பிக்கொண்டிருந்தது. மனைவி சாய்ந்து உட்கார்ந்து வேர்க்கடலை சாப்பிட்டுக்கொண்டிருந்தாள்.

“முடிஞ்சுதா?”

“எப்பவோ.”

“இந்தா, ரீடிங்.”

“மேஜை மேல வெச்சுடுங்கோ” என்றாள், திரும்பாமல்.

மறுநாள் காலை பைண்டிங். கறுப்பு ரெக்சின் அட்டை, பொன் எழுத்து. பசை காய்வதற்குள் வாங்கிக்கொண்டு இருவருமாக ஸ்கூட்டரில் கிளம்பினோம், பிரதிகள் அவள் மடியில். ஆபீஸ் குமாஸ்தா பக்கங்களைப் புரட்டி, முத்திரை குத்தி, மூலையில் அடுக்கினார். அவர் புரட்டும்போது நானும் எட்டிப் பார்த்தேன். பாலவாக்கத்து அட்டவணை முழுசாக இருந்தது. என் நேற்றைய ரீடிங் அதில் எங்கேயும் இல்லை. அதற்கான இடமும் இல்லை. என்னவோ சமாளித்திருக்கிறாள் என்று நினைத்துக்கொண்டேன். படித்த முட்டாள் என்று முதலிலேயே சொன்னேன்.

திரும்பும் வழியில் அடையாறு சிக்னலில் சிவப்பு விழுந்தது. பஸ்களும் ஆட்டோக்களும் உறுமிக்கொண்டு நின்றன. வேலை முடிந்துவிட்டது, இனி பயமில்லை, ஆனாலும் ஒரு ஆராய்ச்சியாளனுக்கு மனசு கேட்கவில்லை. நேற்று சாயங்காலம் என்ன நடந்தது என்று தெரிந்தால் இன்னொரு கட்டுரையே எழுதலாம். எந்த வீடு எப்போது மாற்றியது, யார் எவ்வளவு பொறுத்தார்கள், எது வோல்டேஜை அப்படிக் கட்டிப்போட்டது.

தலையைத் திருப்பிக் கேட்டேன். “நேத்திக்கு நான் போனப்புறம் ஒரு தடவைகூடக் கம்ப்யூட்டர் நிக்கலையே, அது எப்படி?”

“நீங்கதான் ஆத்துல இல்லையே.”